விலகினவருக்கும் வாடகை



ஈஸ்ட் ஹாமிலயோ டூட்டிங்கிலயோ எங்கட ஆக்கள் நடத்துற சின்னக் கடைகளை நினையுங்கோ. தீபாவளித் தள்ளுபடி பற்றி வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பவேணும். தேவை அவ்வளவுதான்.

மெயில்சிம்ப் 2001இல் அட்லாண்டாவில் சிறு வணிகங்களை நம்பித்தான் தொடங்கியது. 2009இல் இலவசத் திட்டம் வந்தது. 2019இல் கட்டண முறை மாறியது: பட்டியலை விட்டு விலகியவர்களையும் எண்ணத் தொடங்கினார்கள். கடைக்காரரே அவர்களைக் கையால் ஒதுக்கினால்தான் கணக்கிலிருந்து கழியும். 2021இல் இன்டியூட் அந்த நிறுவனத்தைச் சுமார் 12 பில்லியன் டொலருக்கு வாங்கியது.

ஆகவே வடிவமைப்பைத் திருத்துறது எண்டால் பொத்தானின் நிறத்தை மாத்துறது இல்லை. ஒண்டும் செய்யாமல் விட்டால் காசு யாருக்குப் போகுது எண்டு முதல்ல கேக்கவேணும்.

ஸெரோதாவின் கைலாஷ் நாத் உருவாக்கிய லிஸ்ட்மொங்க் திறந்த மூல மென்பொருள். பெயருக்கு இவ்வளவு என்ற வாடகை அதில் இல்லை. சேவையகத்துக்கும் அனுப்புறதுக்கும்தான் செலவு. ஆனால் அதை நிறுவிப் பராமரிக்கக் கடைக்காரருக்கு நேரமில்லை. எங்களிட்ட கைகள் இருக்கு.

சில கடைகள் கூட்டுறவாகச் சேர்ந்து ஒரு சேவையகம் வைக்கலாம். பட்டியல்கள் மட்டும் தனித்தனி. வாடிக்கையாளர் சம்மதித்தது அந்தந்தக் கடைக்குத்தான்.

வேலை தெரிஞ்சவை கூட்டம் முடிய நில்லுங்கோ. முதலில் கடைகளுக்குப் போய், என்ன வேணும் எண்டு கேப்பம்.