விதியை வீட்டுக்காரர் சொல்லட்டும்



குண்டனி நாட்டு மக்களே, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் பெயரைச் சொல்லாமல் இந்த மலையில் எந்த மேடையும் நிறைவு பெறாது. ஆடிப் பதினெட்டு வந்தால் அவனுக்கு அரசு விழா, வில்வித்தைப் போட்டி. செம்மேட்டில் சிலை. அவனுடைய வில்லைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியது உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரே அம்பு. யானையை வீழ்த்தி, புலியை மாய்த்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலே கிடந்த உடும்பில் போய்த் தைத்தது.

இந்தப் பாட்டை எடுக்கும்போதெல்லாம் நாம் வில்லைத்தான் கொண்டாடுகிறோம். இன்று ஒருநாள் விலங்குகளை எண்ணிப் பார்ப்போம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு. ஐந்தில் யானை இன்று கொல்லிமலையில் இல்லை. புலியும் இல்லை. பன்றி இருக்கிறதா என்று குச்சிக்கிழங்கு போட்டவரைக் கேளுங்கள், ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்த கதையைச் சொல்வார். உடும்பும் இருக்கிறது. புலியை இழந்த காட்டில் இன்னும் என்னென்ன மிச்சம் இருக்கிறது, அதை யார் காப்பது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

மிச்சம் நிறைய இருக்கிறது பெரியோர்களே. ஆனால் சுற்றுலா வருகிறவர் கண்ணுக்கு அது படுவதில்லை. ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டில் கணேஷ், அச்யுதன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்தக் கொல்லிமலைத் தொடரிலிருந்து ஒரு பாம்பைப் புதிய இனம் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். இந்த வகைப் பாம்புகளை ஆராய்வதற்கே வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் எம்.வி. ராஜேந்திரனின் பெயரை அதற்கு வைத்தார்கள். கேடயவால் பாம்பு என்று சொல்கிற குடும்பம் அது. விஷம் இல்லை. மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, மண்புழுவைத் தின்று, முட்டையிடாமல் குட்டி போடும். தலை கூம்பிச் சிறுத்திருக்கும். வால் நுனியோ வெட்டி எடுத்தாற்போல் மொட்டையாக, சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பில் ஈர மண் அப்பிக்கொள்ளும். வளைக்குள் புகுந்ததும், அப்பிய மண்ணே பின்னால் கதவாக அடைத்துக்கொள்ளும். நாம் நடக்கிற மண்ணுக்கு ஒரு சாண் கீழே இப்படி ஒரு உயிர் வாழ்கிறது. மழை பெய்த இரவில் அது மேலே வரும். தார்ச்சாலையைக் கடக்கும். அந்த நேரத்தில் ஒரு கார் வரும்.

எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவருக்குப் பாம்பு தெரியாது. ஆகாய கங்கை தெரியும், அறப்பளீஸ்வரர் கோயில் தெரியும், மாசிலா அருவி தெரியும், சீக்குப்பாறைக் காட்சிமுனை தெரியும். காலையில் ஏறி, மாலைக்குள் எல்லாவற்றையும் 'முடித்து' இறங்கிவிட வேண்டும். அவர் கெட்டவர் அல்ல. நாமக்கல்லிலும் சேலத்திலும் ஈரோட்டிலும் வாரம் முழுக்க உழைத்துவிட்டுப் பிள்ளைகுட்டியோடு காற்று வாங்க வருகிறவர். வளைவில் வண்டியை ஓரம் கட்டுகிறார். கண்ணாடியை இறக்குகிறார். கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குரங்குக்குச் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டுகிறார். அது வாங்கிப் பல்லால் கிழிக்கிறது, வயிற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் குட்டி அதைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. குழந்தை சிரிக்கிறது, செல்போனில் படம் எடுத்தாகிவிட்டது, வண்டி போய்விட்டது. ஆனால் அத்தியும் நாவலும் தேடிக் காட்டுக்குள் போக வேண்டிய கூட்டம், அந்த நாளிலிருந்து சாலையிலேயே குடியிருக்கிறது. வண்டியில் அடிபடுகிறது. கிடைக்காத நாளில் உங்கள் வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது.

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த வினை அல்ல. மழையே எட்டிப் பார்க்காத ஒரு ஊருக்கு உங்களை அழைத்துப் போகிறேன். ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், பார்மேர் என்று இரண்டு மாவட்டங்கள். அங்கே தார்ப் பாலைவனத்தில் 3,162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. 1980இல் அறிவித்தார்கள். போகிறவர் மணல்மேட்டைப் பார்க்கிறார், ஒட்டகத்தில் ஏறுகிறார், ஜீப்பில் மணலைக் கிழித்துக்கொண்டு பறக்கிறார், 'இங்கே ஒன்றுமே இல்லையே' என்கிறார். அங்கேதான், புல் முளைத்த வெட்டவெளியில், கானமயில் வாழ்கிறது. ஒரு மீட்டர் உயரம் நிற்கும். ஆண் பறவை 15 கிலோ வரை இருக்கும். பறக்கும் பறவைகளில் உலகத்திலேயே எடை மிகுந்தவற்றில் ஒன்று. ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் இருந்த பறவை ஐயா, இன்று இங்கே ஒன்றுகூட இல்லை. காட்டில் வாழ்பவற்றை நாடு முழுக்கச் சேர்த்தாலும் இருநூறைத் தொடாது.

அது கூடு கட்டாது. வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். ஜீப் ஓட்டுகிறவர் கண்ணுக்கு அந்த முட்டை தெரியாது. ஆடு மேய்க்கிறவர் கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போகக்கூடாது என்று அவருக்குத்தான் தெரியும். போதாக்குறைக்கு அந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. காற்றாலையிலிருந்தும் சூரிய மின் நிலையத்திலிருந்தும் போகிற உயரழுத்தக் கம்பியில் மோதிச் சாகிறது. உச்ச நீதிமன்றம்வரை இது வழக்காகப் போய், 2021இல் உத்தரவும் வந்தது. 2019 முதல் முட்டைகளை எடுத்துவந்து செயற்கையாகப் பொரிக்கவைத்து, குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்க்கிறார்கள். எத்தனை பாடு பாருங்கள்! வெறும் மணல் என்று நினைத்த இடத்துக்கு இத்தனை பாடு.

பாலைவனமும் பச்சை மலையும் ஒன்றா என்று கேட்பீர்கள். வருகிறவர் விஷயத்தில் ஒன்றுதான். ஒரு இடத்தின் அருமை அங்கே வாழ்கிறவருக்குத் தெரிகிற அளவு, வந்து போகிறவருக்குத் தெரியாது. ஆகவே எப்படி வரலாம், எப்படி வரக்கூடாது என்று சொல்ல வேண்டியவர் அங்கே வாழ்கிறவர்தான். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். கொல்லிமலைக்கு வருகிறவருக்கான விதியை, கொல்லிமலையில் நாடு என்று சொல்கிற பதினான்கு ஊராட்சிகளும் சொல்ல வேண்டும்.

நீங்கள் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? ஊட்டியைப் பாருங்கள், கொடைக்கானலைப் பாருங்கள். 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி அங்கே ஏற முடியாது. உத்தரவு போட்டது சென்னை உயர் நீதிமன்றம். அடுத்த ஆண்டு, கோடைக்காலத்தில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையும் வைத்தது. தாங்காத பாரம் ஏறிய பிறகு, நீதிபதி உட்கார்ந்து காரை எண்ண வேண்டிய நிலைமை. அந்த நிலைமைக்கு நாம் ஏன் போக வேண்டும்?

'நாங்கள் சொன்னால் யார் கேட்பார்கள்?' என்று ஒரு தம்பி மனதுக்குள் கேட்பது எனக்குக் கேட்கிறது. கேட்கிறார்களே தம்பி! இந்த மலையில் எத்தனை கோயில் காடுகள் இருக்கின்றன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பச்சை மரத்தில் அரிவாள் படக்கூடாது என்று உங்கள் பாட்டன் பூட்டன் வைத்த விதி. போலீஸ் இல்லை, அபராத ரசீது இல்லை, காடு நிற்கிறது. வெளியூர்க்காரரும் அங்கே வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார். விதி இருக்கிறது என்று தெரிந்தால் மனிதர் அடங்குகிறார்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு. காட்டையும், காட்டு உயிர்களையும், நீர்பிடிப்புப் பகுதிகளையும் காக்கிற அதிகாரத்தை அது கிராம சபைக்குக் கொடுத்திருக்கிறது. நிதி வரும்போது மட்டும் கிராம சபையை நினைக்கிறோம். இதற்கும் நினைக்க வேண்டும்.

சுற்றுலாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்னாசியும் பலாவும் மிளகும் சாலையோரம் வைத்து விற்கிற அக்காவின் வயிற்றில் அடிக்க நான் யார்? வருகிற பணம் யார் கைக்குப் போகிறது என்றுதான் கேட்கிறேன். மல்லியச் சாமை, பெருஞ்சாமை, செந்தினை என்று வகைவகையாக விளைந்த மண் இது. ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு போகத் தொடங்கியதும் சாமைக் கொல்லை சுருங்கிவிட்டது. மிச்சமிருக்கிற ரகங்களைக் காப்பாற்ற எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உங்களோடு சேர்ந்து பல ஆண்டு பாடுபட்டது. அப்படிப்பட்ட மலைக்கு வருகிறவர், கீழேயிருந்து லாரியில் ஏறிவந்த மைதாவில் பரோட்டா தின்றுவிட்டு இறங்குகிறார். ஒரு வாய் சாமைச் சோறு அவருக்குக் கிடைக்கட்டும். அந்தக் காசு கொல்லைக்குப் போகட்டும். சாமை விதைக்கக் காரணம் ஒன்று கிடைக்கும்.

ஆகவே குண்டனி நாட்டு மக்களே, அடுத்த கிராம சபையில் ஐந்தே ஐந்து தீர்மானம் போடுங்கள். ஒன்று, குரங்குக்குத் தீனி போடக்கூடாது. இரண்டு, 2019இலேயே அரசு தடை செய்த ஒருமுறை பிளாஸ்டிக் மலைக்கு மேல் வரக்கூடாது. ஆகாய கங்கையில் வீசிய பை ஐயாற்றில் இறங்கிப் புளியஞ்சோலைக்காரர் வாசலுக்குத்தான் போகிறது. மூன்று, இருட்டிய பிறகு காட்டுப் பாதையில் வண்டி ஓட்டவும், ஒலிபெருக்கி வைக்கவும், தீ மூட்டவும் கூடாது. கரடி இறங்குகிற நேரம் அது. நான்கு, காட்டுக்குள் போகிறவர் உள்ளூர்ப் பிள்ளை ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துக்கொண்டுதான் போக வேண்டும். ஐந்து, விருந்தினரைத் தங்கவைக்கிற எவரும் சாமையோ தினையோ ஒருவேளையாவது பரிமாற வேண்டும்.

இந்த ஐந்தையும் காரவள்ளி அடிவாரத்தில், முதல் வளைவுக்கு முன்னால், பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கீழே 'இப்படிக்கு, குண்டனி நாட்டு மக்கள்' என்று போடுங்கள். பதினான்கு நாடுகளில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருந்தால், மற்ற பதின்மூன்றும் சும்மா இருக்காது. சமவெளியிலிருந்து வருகிற என்னைப் போன்றவர்கள் படித்துவிட்டு, அதன்படி நடந்துவிட்டுப் போகிறோம்.