ஏப்ரல் முதல் தேதி, அதிகாலை இரண்டு மணி

மார்ச் 31 இரவு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. பேக்கிங் முடிந்து, தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் லாரியில் பெட்டிகளை ஏற்றும்போது மணி இரண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது போடும் இன்வாய்ஸில் ஏப்ரல் 1 என்றுதான் தேதி விழ வேண்டும். கணினியோ மார்ச் 31 என்று பதிகிறது. சரக்கு போனது புது நிதியாண்டில், கணக்கு ஏறியது பழைய ஆண்டில்!

காரணம் இதுதான். கம்பெனியின் தரவுத்தளம் வாடகை சர்வரில் இருக்கிறது. அந்த சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுபவை. நம் கடிகாரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கியவை. நமக்கு அதிகாலை 2 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 8.30.

பில் போடும் மென்பொருள் தரவுத்தளத்தோடு ஒரு தொடர்பைத் திறந்துதான் வேலை செய்கிறது. எந்த ஊர் நேரம், எந்த எழுத்துமுறை என்பதெல்லாம் அந்தத் தொடர்புக்கு மட்டும் உரியவை. ஒன்றில் திருத்தியது அடுத்ததற்கு வராது. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்ததும் நூல் கோத்து, டென்ஷன் பார்த்து, வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்த்த பிறகே பீஸை எடுக்கிறார் அல்லவா? அப்படி, தொடர்பு திறந்த உடனே தானாக ஓடும் கட்டளைகளை எழுதி வைக்கலாம். மைஎஸ்க்யூஎல்லில் இதற்கு இனிட் கனெக்ட் என்று பெயர்; ஆரக்கிளில் லாகான் டிரிக்கர். நேரத்தை +05:30 என்று வைக்க ஒரு வரி. தொழிலாளர் பெயர்கள் தமிழிலோ, ஒடியாவிலோ, இந்தியிலோ இருந்தாலும் கேள்விக்குறிகளாக மாறாமலிருக்க, எழுத்துமுறையைச் சொல்ல இன்னொரு வரி. அவ்வளவு போதும். கனமான வேலைகளை இங்கே ஏற்றினால் ஒவ்வொரு தொடர்பும் தாமதமாகும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் இந்தக் கட்டளைகள் உயர் அதிகாரமுள்ள நிர்வாகி நுழையும்போது ஓடுவதில்லை. வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு அது: கட்டளையில் பிழை இருந்தால் மற்ற யாரும் வேலை செய்ய முடியாது, திருத்துவதற்கு ஒருவராவது உள்ளே போயாக வேண்டும். நல்ல ஏற்பாடுதான். அதனாலேயே ஒரு சிக்கலும் வருகிறது. மென்பொருள்காரர் நிர்வாகியாக நுழைந்து சோதித்தால், பில் போடுபவருக்குத் தெரிவது அவருக்குத் தெரியாது. பில்லிங் மென்பொருளையே நிர்வாகி கணக்கில் ஓட்டும் இடங்களில் நீங்கள் எழுதிய வரி ஒருபோதும் ஓடாது.

ஆகவே மென்பொருளுக்குச் சாதாரண அதிகாரமுள்ள தனிக் கணக்கு கொடுக்கச் சொல்லுங்கள். அந்தக் கணக்கில் நுழைந்து இப்போது மணி என்ன என்று தரவுத்தளத்திடமே கேட்கச் சொல்லுங்கள். மார்ச் மாதம் பிறக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.