வலி இல்லைன்னு விட்டுடாதீங்க அக்கா!

எளாவூர் மகளிர் கூட்டத்தில் நமது ஐ.டி. விங் சார்பில் பேசியது:



சிப்காட் கம்பெனியில மெஷின் சத்தம் லேசா மாறினாலே நிறுத்திப் பார்க்குறோம். நம்ம உடம்புன்னா மட்டும் "ஒருநாள் சம்பளம் போயிடும்"னு தள்ளிப் போடுறோம்.

மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது. ஆபத்தே அதுதான். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோல்ல குழி, காம்பு உள்ளே போறது, ரத்தக் கசிவு, இதுல எது இருந்தாலும் வெட்கப்படாம டாக்டர்கிட்ட காட்டுங்க. எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. ஆனா அதைப் பரிசோதனைதான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரங்க இல்லை.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் தொடங்கி, சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வு சொல்றதைக் கேளுங்க. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் கையால தொட்டுப் பரிசோதிச்சதிலேயே, 50 வயசுக்கு மேற்பட்டவங்ககிட்ட இந்த நோயால வரும் மரணம் ஏறக்குறைய 30% குறைஞ்சிருக்கு.

30 வயசு தாண்டினவங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல இந்தப் பரிசோதனை இலவசம். மேல்சிகிச்சைன்னா எளாவூர்ல ரயில் ஏறினா சென்ட்ரல், எதிர்லயே அரசு பொது மருத்துவமனை. காப்பீட்டு அட்டையைக் கையில எடுத்துக்கோங்க.

அண்ணன்மார்களே, அன்னைக்கு நீங்களும் லீவு போட்டுட்டு கூடப் போங்க.



#மார்பகப்புற்றுநோய்_விழிப்புணர்வு #எளாவூர்