காற்றின் மேல் ஓடும் வண்டி

கோலார் தங்க வயலில் வளர்ந்தவர்களுக்குக் காற்றின் வலிமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தடியில் பாறையைத் துளைத்த கருவிகள் அழுத்தப்பட்ட காற்றினால் இயங்கின. அதிர்ச்சியையும் நாம் அறிவோம்; ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே வீடுகள் நடுங்கும். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் பெங்களூர்ச் சாலையையே நம்பிப் பிழைப்போர் பலர். கார் ஓட்டும் அன்பர்களை மனத்திற்கொண்டு இன்று இவ்விரண்டையும் பற்றிப் பேசுகிறோம்.

காரின் பளுவைத் தாங்குவது வில். பள்ளத்தில் வாங்கிய விசையை அது உடனே திருப்பித் தர முயலும். வில் மட்டுமே இருப்பின் வண்டி ஊஞ்சலாய் ஆடும். அவ்வாட்டத்தை அடக்குவது ஷாக் அப்ஸார்பர். அதனுள் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு செல்ல, ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் கழிகிறது. அது பழுதானால் உடல் நோவதோடு தீர்வதில்லை. சக்கரம் துள்ளும், தரையைப் பற்றாத சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயன் என்ன?

உருக்கு வில்லுக்கு மாற்றாக ரப்பர்ப் பையில் காற்றை அடைத்தால் அது காற்று வில். 1957-இல் அமெரிக்கக் காடிலாக் கார் ஒன்றில் இது அமைந்தது. இன்று விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் காண்கிறோம். கம்ப்ரெஸர் காற்றை ஊட்டும். உணர்கருவி உயரத்தை அளந்து காட்டும்.

மணவிழாக்களுக்கு வாடகைக்கு விடும் பழைய கார் ஒன்றை நாம் அறிவோம். இரவில் நிறுத்தினால் காலையில் ஒரு மூலை தாழ்ந்திருக்கும். “எஞ்சினை முடுக்கினால் எழுந்துவிடுகிறதே!” என்று உரிமையாளர் வாளாவிருந்தார். கசிவை ஈடுசெய்ய ஓயாது ஓடிய கம்ப்ரெஸரும் கருகிற்று. ஒரு பையோடு போக வேண்டிய செலவு இரட்டித்து, முகூர்த்த நாட்களின் வருவாயும் போயிற்று. சோப்பு நீரைத் தடவிக் குமிழி எழும் இடத்தைப் பார்த்திருந்தால் கசிவு அன்றே புலப்பட்டிருக்கும்.

ஷாக் அப்ஸார்பரின் மேல் எண்ணெய் வழிகிறதா, டயர் திட்டுத்திட்டாகத் தேய்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். மாற்றும்போது ஓர் அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்றுவதே முறை. வாயு அடைத்தவற்றைச் சூடாக்குவதும் துளையிடுவதும் ஆபத்து.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று. காற்று வில் காரைத் தூக்குமுன் தயாரிப்பாளர் கூறும் முறைப்படி அதன் தானியங்கு உயரச் சீரமைப்பை நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். உறுதியான தாங்கிகளை வையுங்கள். முட்டுக் கொடுக்காத கூரையின் கீழ் நிற்கலாகாது என்பது நம் சுரங்கத் தொழிலாளர் அறிந்த பாடம். அது கார்ப் பட்டறைக்கும் பொருந்தும்.