பாசஞ்சர் வண்டி யாருக்காக?



பாசஞ்சர் ரயில்களையும் மின்சார ரயில்களையும் அதிகப்படுத்துவதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நாம் வண்டி வேண்டுமென்று கேட்கும்போதெல்லாம் கிடைக்கும் பதில், “கூட்டமில்லை, வருமானமில்லை” என்பதுதான். இந்தப் பதில் அறிவுக்குப் பொருத்தமானதா என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

1931இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்கள். அன்று தாம்பரம் பட்டணமல்ல. ஜனங்கள் வந்து நெருக்கிய பிறகா வண்டி வந்தது? வண்டி அடிக்கடி ஓடிற்று. அதை நம்பி ஜனங்கள் குடியேறினார்கள். அந்தப் பாதையை ஒட்டித்தான் சென்னை தெற்கே நீண்டது. ஆகவே கூட்டம் வண்டியைக் கொண்டுவருவதைக் காட்டிலும், வண்டிதான் கூட்டத்தைக் கொண்டுவருகிறது.

அப்படியானால் பறக்கும் ரயிலுக்கு ஏன் அவ்வளவு கூட்டம் சேரவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. அது 1995இல் சேப்பாக்கத்துக்கும், 1997இல் மயிலைக்கும், 2007இல் வேளச்சேரிக்கும் போயிற்று. நிலையங்களை மாளிகை மாதிரி கட்டினார்கள். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் எப்படி ரயிலுக்குப் போவான், ரயிலை விட்டு இறங்குகிறவன் எப்படி வீடு போய்ச் சேருவான் என்பதை மாத்திரம் சரியாகக் கவனிக்கவில்லை. இது ஜனங்களின் குற்றமா?

மதுரை – போடி பாதையைப் பாருங்கள். சுமார் 90 கிலோமீட்டர். அகலப் பாதையாக்குவதற்காக 2010 முடிவில் வண்டியை நிறுத்தினார்கள். தேனிக்கு வண்டி வந்தது 2022இல். போடிக்கு வந்தது 2023இல். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பள்ளிப் படிப்பையே முடித்துவிடும் காலம் இது. பன்னிரண்டு வருஷம் கடையைப் பூட்டி வைத்துவிட்டு, திறந்த மறுநாளே வியாபாரமில்லை என்று எந்த வியாபாரியாவது சொல்லுவானா?

கட்டண விஷயம் இதைவிட வேடிக்கை. 2020இல் கொரோனாவுக்காக நிறுத்திய பாசஞ்சர்களை மறுபடி விட்டபோது, அதே பெட்டி, அதே பலகை, அதே நிறுத்தங்கள். பெயர் மாத்திரம் எக்ஸ்பிரஸ். குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய் 30 ரூபாயாயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில்தான். பெயரை மாற்றினால் பண்டம் மாறிவிடுமா? கூலிக்காரன் பையிலிருந்து அத்தனை நாள் போன காசுக்கு யார் கணக்குச் சொல்லுவார்கள்?

தோழர்களே! ஒற்றைப் பாதையில் எக்ஸ்பிரஸ் கடந்து போகட்டும் என்று பாசஞ்சரைக் கிராசிங்கில் நிறுத்தி வைக்கிறார்கள். உள்ளே இருப்பவன், “நம் தலைவிதி” என்று பெருமூச்சு விடுகிறான். அது விதியுமல்ல, கிரகமுமல்ல. இரண்டாவது தண்டவாளம் இல்லாத குறை. மனிதன் போட்ட கால அட்டவணையை மனிதனே மாற்றலாம்.

வந்தே பாரத் ஓடுவதில் எனக்கு வருத்தமில்லை. அதற்கு வழிவிட்டு நிற்பவனும் டிக்கெட் வாங்கினவன்தான் என்பதே என் வாதம். இரட்டைப் பாதை போடட்டும். இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சின் மாற்றாமலே திரும்பக்கூடிய மெமு வண்டிகளைக் குறித்த இடைவெளியில் விடட்டும். நிலையத்து வாசலுக்குப் பஸ் வரட்டும். இவ்வளவையும் செய்து பார்த்த பிறகு கூட்டமில்லையென்றால், அப்போது சொல்லட்டும், கேட்டுக்கொள்ளுகிறோம். அதுவரையில் ஒவ்வொரு ஊரிலும் இதையே கேட்டுக்கொண்டிருங்கள்.