ஜாஸ் இசையும் 48 தட்டுகளும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் இசை மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஜாஸ் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் செயலாளர், "சார், நம்ம ஆட்களுக்கு அது புரியுமா?" என்று கேட்டார். தாராளமாகப் புரியும் என்றேன். நான் பேசப்போவது ஜாஸில் உள்ள தாளத்தைப் பற்றி மட்டும்தான். கச்சேரியில் உட்கார்ந்து தொடையில் தட்டத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதிக்குக் கொஞ்சம் கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இசைக் கல்லூரி எதிலும் படித்ததில்லை. இளவயதில் ராத்திரி நேரத்தில் சிற்றலை வானொலியைத் திருகி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சியைக் கேட்பேன். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் விளங்கும்படி அவர் நிறுத்தி நிதானமாகப் பேசுவார். அப்படித் தொற்றிக்கொண்ட ஆசைதான் ஓய்வுக்குப் பிறகு என்னை ஒரு கீபோர்டு வாங்க வைத்தது. ஆகவே இதை ஒரு வித்துவானின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதாகக் கேளுங்கள்.

ஜாஸில் நடப்பது என்ன? முதலில் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக, அந்தப் பாட்டின் சுற்றுக்குள்ளேயே, அந்த நிமிடத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நம் ஊரில் இதை மனோதர்மம் என்போம். அங்கே அதிகம் பயன்படும் சுற்றுகளில் ஒன்று ‘ப்ளூஸ்’. அதில் 12 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 4 தட்டு. ஆக மொத்தம் 48. இந்தக் கட்டத்தை அவர்கள் ‘பார்’ என்பார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்க வேண்டாம், குழந்தைகள் இருக்கிறார்கள்.

தனியாக வாசிப்பவருக்கு அந்த 48-க்குள் என்ன வேண்டுமானாலும் சொல்ல உரிமை உண்டு. ஆனால் தான் எத்தனையாவது கட்டத்தில் நிற்கிறோம் என்பது அவர் உடம்புக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு ஸ்வரம் பிசகினால் அடுத்த ஸ்வரத்தால் சமாளித்துவிடலாம், கேட்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இடம் பிசகினால் பின்னால் பேஸ் வாசிப்பவர், டிரம்ஸ் வாசிப்பவர், பியானோக்காரர் எல்லோரும் சேர்ந்து தடுமாறுவார்கள். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் இடித்தால் கிளை முழுவதும் வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருக்குமே, கிட்டத்தட்ட அந்த நிலைமை.

இருந்தாலும் புதிதாகக் கற்பவர்கள் மாதக் கணக்கில் எதைப் படிக்கிறார்கள்? எந்த ஸ்கேல், எந்தக் கார்டு, எந்த விரல் என்பதைத்தான். ‘எந்த ஸ்வரம்’ என்ற கேள்விக்கு நூறு புத்தகம் இருக்கிறது. ‘எப்போது’ என்ற கேள்வியை, அது பிறவியிலேயே வர வேண்டியது என்று சொல்லி விட்டுவிடுகிறார்கள். அது பழகினால் வரும். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

இதற்குச் சாட்சியாகச் சார்லி பார்க்கரைக் கூப்பிடுகிறேன். ஆல்டோ சாக்ஸஃபோனில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று இன்றும் பலர் சொல்வார்கள். 1936-ல் அவர் கன்சாஸ் சிட்டியில் இருந்த ஒரு பதின்வயதுப் பையன். அங்கே ரீனோ கிளப்பில் பெரிய வித்துவான்களோடு சேர்ந்து வாசிக்க மேடையேறி, பாட்டின் ஓட்டத்தைத் தவறவிட்டு மாட்டிக்கொண்டார். டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஜோ ஜோன்ஸ் ஒரு சிம்பலைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தார் என்று சொல்வார்கள். தட்டு தரையில் விழுந்த சத்தமும் கூட்டத்தின் சிரிப்புமாக அந்தப் பையன் இறங்கிப் போனார். அதோடு வாத்தியத்தை மூட்டைகட்டி வைத்திருக்கலாம். 1937 கோடையில் ஓஸார்க் மலைப்பக்கம் ஒரு விடுதியில் வாசிக்கும் வேலை கிடைத்தபோது, கவுண்ட் பேஸி குழுவின் இசைத்தட்டுகளை வைத்துக்கொண்டு, லெஸ்டர் யங் வாசித்தவற்றை மனப்பாடம் செய்தார். திரும்பி வந்தவரைப் பார்த்துக் கன்சாஸ் சிட்டி அசந்துபோனது. ஒரு வருஷத்துக்கு முன்னால் பிறவியில் இல்லாத லயம் இப்போது எங்கிருந்து வந்தது?

இதை ஒரு காரணத்தோடு சொல்கிறேன். நம் வளாகத்தில் கீபோர்டு, கிட்டார் கற்கும் பிள்ளைகள் நிறையப் பேர். கிரேடு பரீட்சைப் பாடங்களை அழகாக வாசிக்கிறார்கள். "சொந்தமாக ஏதாவது வாசி கண்ணு" என்றால் கையை எடுத்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை நம் ஆண்டுவிழாவில் தாளம் தவறிப் பாதியில் நின்றது. நாலு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டிலிருந்து வாத்தியச் சத்தம் வருவதில்லை. எந்த வீடு என்று சொல்லமாட்டேன், நீங்களும் ஊகிக்க வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும், ‘இனிமேல் நமக்கு எங்கே’ என்று நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கும் ஐந்து பயிற்சிகள் வைத்திருக்கிறேன்.

முதலாவது, இரண்டிலும் நான்கிலும் கைதட்டுவது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணும்போது நம் கை இயல்பாக ஒன்றில்தான் விழும். ஜாஸில் கை விழ வேண்டியது இரண்டிலும் நான்கிலும். காலை நடைப்பயிற்சியில் காலடிகளை ஒன்று முதல் நான்கு வரை எண்ணிக்கொண்டு, இரண்டுக்கும் நான்குக்கும் மட்டும் விரலைச் சொடுக்கிப் பாருங்கள். முதல் இரண்டு நாள் கால் பின்னும். மூன்றாம் நாள் நடையே துள்ளலாக மாறும்.

இது கைவந்த பிறகு மொபைலில் மெட்ரோனோம் செயலியை எடுங்கள். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசிப்பதாக வைத்துக்கொள்வோம். மெட்ரோனோமை 60-ல் வைத்து, அந்த ‘டிக்’ இரண்டிலும் நான்கிலும் விழுவதாக நினைத்து வாசியுங்கள். அடுத்து 30-ல் வையுங்கள், கட்டத்துக்கு ஒரே ஒரு டிக்தான் வரும். மீதி மூன்று தட்டையும் நீங்கள்தான் மனதுக்குள் வைத்திருக்க வேண்டும். மெட்ரோனோம் குறையக் குறைய உங்கள் சொந்த லயம் வளரும்.

இத்தோடு ‘ஸ்விங்’ என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தட்டுக்குள் இரண்டு ஒலி வரும்போது நாம் ‘தக தக’ என்று சமமாகச் சொல்வோம். ஜாஸில் முதல் ஒலி சற்று நீண்டு, இரண்டாவது குறுகும். ‘தா..க தா..க’ என்று சொல்லிப் பாருங்கள். நடுத்தர வேகத்தில் ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, முதல் ஒலிக்கு இரண்டு பங்கு, இரண்டாவதுக்கு ஒரு பங்கு என்று ஏறக்குறையக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். வேகம் கூடக் கூட இரண்டும் சமமாகிவிடும். இதைக் கணக்குப் போட்டு வாசிக்க முடியாது, வாயால் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

இரண்டாவது, ஒரே ஸ்வரம். கீபோர்டில் ஏதாவது ஒரு கட்டையைத் தேர்ந்தெடுத்து, 12 கட்டம் முழுவதும் அதை மட்டுமே வாசியுங்கள். நீட்டலாம், நறுக்கலாம், காத்திருக்கலாம், மெதுவாக்கலாம், அழுத்தலாம். வேறு கட்டையைத் தொடக்கூடாது. அலுத்துப்போகுமே என்பீர்கள். டியூக் எலிங்டன் குழு 1942-ல் பதிவு செய்த ‘சி ஜாம் ப்ளூஸ்’ பாட்டில் மொத்தமே இரண்டு ஸ்வரம்தான். அதை உலகம் முழுவதும் இன்றும் வாசிக்கிறார்கள். ஸ்வரம் என்ற கவலை இல்லாதபோதுதான் ‘எப்போது’ என்ற கேள்வி மட்டும் உங்கள் முன்னால் நிற்கும்.

மூன்றாவது, மௌனம். நான்கு கட்டம் வாசியுங்கள், அடுத்த நான்கு கட்டம் சும்மா இருங்கள். பிறகு சரியாக ஒன்றில் சேர்ந்துகொள்ளுங்கள். சும்மா இருக்கும் அந்த 16 தட்டு பெரிய சோதனை. நம்மில் பலருக்குப் பதற்றத்தில் எண்ணிக்கை வேகமாகிவிடும். ஜாஸ் மேடையில் தனியாக வாசிப்பவரும் டிரம்ஸ்காரரும் நான்கு நான்கு கட்டமாக மாறி மாறிப் பேசிக்கொள்வார்கள். வீட்டில் அப்பாவும் பெண்ணும் மேஜையில் தட்டியே இதை விளையாடலாம். எதிராளியின் முறையில் அவர் சொல்வதைக் கவனித்துக்கொண்டே எண்ணிக்கையை விடாமல் இருப்பதுதான் ஆட்டம்.

நான்காவது, இடம் மாற்றுவது. நான்கைந்து ஸ்வரமுள்ள ஒரு சின்னத் துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒன்றில் தொடங்குங்கள். அடுத்த தடவை அரைத் தட்டு தள்ளித் தொடங்குங்கள். பிறகு இரண்டில். ஸ்வரங்கள் அதேதான், ஆனால் ஒவ்வொரு தடவையும் புதுப் பேச்சாக ஒலிக்கும். நம் பாட்டுகளில் எடுப்பு தள்ளி வரும் சுகத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. தெலோனியஸ் மங்க் 1951-ல் பதிவு செய்த ‘ஸ்ட்ரெய்ட், நோ சேஸர்’ என்ற ப்ளூஸை யூடியூபில் கேளுங்கள். ஒரு சின்னத் துணுக்கை இடம் மாற்றி மாற்றி, நீட்டியும் குறுக்கியும் 12 கட்டத்தையும் நிரப்பியிருப்பார்.

ஐந்தாவது நம் வீட்டுச் சரக்கு. காலால் நான்கு தட்டு போட்டுக்கொண்டு, தட்டுக்கு இரண்டு எழுத்து என்ற கணக்கில் வாயால் ‘தகிட தகிட’ சொல்லுங்கள். கால் நாலாகப் போகும், வாய் மூன்றாகப் போகும். நான்கு கட்டத்தில் 32 எழுத்து. பத்து ‘தகிட’ சொன்னால் 30 ஆயிற்று. கடைசியில் ஒரு ‘தக’ சேர்த்தால் 32. அடுத்த கட்டத்தின் ஒன்றில் காலும் வாயும் ஒன்றாக வந்து இறங்கும். அந்த இடத்தில் தானாகவே முகத்தில் சிரிப்பு வரும். ஜாஸ் கிட்டார் மேதை ஜான் மெக்லாஃப்லின் 1970-களில் ‘சக்தி’ குழுவில் விக்கு விநாயக்ராமின் கடத்தோடு சேர்ந்து வாசித்தவர். பின்னாளில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து கொன்னக்கோலைக் கற்றுத்தரும் ஒரு வீடியோ பாடமே வெளியிட்டார். உலக மேடையில் இருப்பவர் நம் சொற்கட்டைத் தேடி வந்து படிக்கிறார். நமக்கு அது கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

இந்த ஐந்தையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வாரத்துக்கு ஒன்று, நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கூடவே பிடித்த ஒரு ஜாஸ் பதிவை எடுத்து, பார்க்கர் செய்ததுபோல், தனி வாசிப்பை வாயால் முணுமுணுத்துப் பழகுங்கள். எங்கே பேசினார், எங்கே நிறுத்தினார் என்று கவனியுங்கள். நிறுத்திய இடங்களும் பாடம்தான்.

முடிக்கும் முன் இன்னொரு பெயர். ஃப்ரெடி கிரீன். கவுண்ட் பேஸி குழுவில் 1937 முதல் 1987-ல் காலமாகும் வரை, ஏறக்குறைய 50 ஆண்டு கிட்டார் வாசித்தார். தனி வாசிப்பு என்று அவர் முன்வந்தது அபூர்வம். கட்டத்துக்கு நான்கு மீட்டல், அதுவும் மென்மையாக. அத்தனை டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் அந்த நான்கின் மேல்தான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. வாழ்நாள் முழுவதும் கவுண்ட்டரில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் அவருக்கு என் தனி வணக்கம். நாம் தாளத்தில் நிற்பது நமக்காக மட்டும் இல்லை. கூட இருப்பவர் தைரியமாகப் பேச வேண்டும் என்பதற்காகவும்தான்.

ஒரு நல்ல சேதி. நான் சொன்னவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வாத்தியமே தேவையில்லை. தொடையும் விரலும் போதும். மதியத் தூக்கம் கெடுகிறது என்று சங்கத்துக்கு யாரும் புகார் எழுத முடியாது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு இதே கூடத்தில் அரை மணி நேரம் சேர்ந்து தட்டிப் பழகலாம் என்றிருக்கிறேன். கட்டணம் கிடையாது, வயது வரம்பும் கிடையாது. ஒரே ஒரு விதி உண்டு. யாராவது இடம் தவறினால் சிரிக்கக்கூடாது. அடுத்த சுற்று தொடங்கும்போது, அவர் காதில் விழும்படி ‘ஒன்று’ என்று சத்தமாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் வந்து சேர்ந்துகொள்வார்.