வண்டி பிடிக்கும் கை, பேஸ் கிட்டார் வாசிக்கும் கை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

போன மாசம் நம்ம உறுப்பினர் அக்கா ஒருத்தர் எங்களைத் தேடி வந்தாங்க. "மேடம், எம் பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க" என்றார்கள். பொண்ணு கல்லூரி முடித்தவள். பகலில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். ராத்திரி இன்னிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறாள். கோயில் கொடை, கல்யாண வரவேற்பு என்று போனால் கச்சேரி முடிய 11 மணி, 12 மணி ஆகிவிடும். அதற்கு மேல் பஸ் கிடையாது. யார் கொண்டுவந்து விடுவார்கள் என்று ஒவ்வொரு தடவையும் கெஞ்ச வேண்டும். "எனக்குச் சொந்தமா பைக் வேணும், உங்க குழுவுல கடன் கேளும்மா" என்று சொல்லிவிட்டாள். அதுவும் கியர் வண்டி!

உண்மையை ஒளிக்காமல் சொல்கிறோம். நாங்களும் புத்தி சொல்லத்தான் போனோம். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வம்பெல்லாம் எதுக்கும்மா?" என்று ஆரம்பித்தோம். அந்தப் பொண்ணு எங்களைப் பார்த்து, "நீங்க எதுல வந்தீங்க மேடம்?" என்று கேட்டாள். வாசலில் எங்கள் டூவீலர் நின்றுகொண்டிருந்தது! வாயை மூடிக்கொண்டோம். அவள் தன் செல்போனில் ஒரு பெண்ணைக் காட்டினாள். அவள் சொன்னதையும், பிறகு நாங்கள் தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், பேஸ் கிட்டார் என்றால் என்ன? சாதாரண கிட்டாருக்கு 6 கம்பி. இதற்குப் பெரும்பாலும் 4 கம்பி, எல்லாம் தடித்த கம்பி. கச்சேரியில் நெஞ்சுக்குள்ளே "தும்... தும்..." என்று இறங்குகிறதே, அதில் பாதி இதனுடையது. முன்காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலே ஒரு பெரிய பேஸை நின்றுகொண்டு வாசிப்பார்கள். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன் எடை சுமார் 4 கிலோ. அதற்குப் பிறகுதான் பேஸ் வாசிப்பவர்கள் எளிதாக ஊர் ஊராகப் போக முடிந்தது.

பாட்டுக் கேட்கிறவர்கள் பேஸ்காரரைக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் நிறுத்தினால் பாட்டு வெறிச்சென்று ஆகிவிடும். சூசி குவாட்ரோ என்று ஒரு அமெரிக்கப் பெண். 1964-இல் அக்கா தங்கைகள் சேர்ந்து இசைக்குழு தொடங்கியபோது மற்றவர்கள் பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு மிச்சம் கிடைத்தது பேஸ்! அந்த மிச்சத்தை வைத்தே, பைக் ஓட்டுகிறவர்கள் போடுவதுபோல் தோல் உடுப்பு போட்டுக்கொண்டு, 1973-இல் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்த பாட்டைக் கொடுத்தார். நம்ம வீட்டிலும் பொண்ணுங்களுக்கு மிச்சம்தானே வருது?

இப்போ வண்டிக்கு வருவோம். அமெரிக்காவில் தெற்கு டகோட்டா மாநிலத்தில் ஸ்டர்ஜிஸ் என்ற சின்ன ஊர். மொத்த மக்கள் தொகையே சுமார் 7,000தான். அங்கே 1938-இல் ஒரு மோட்டார் சைக்கிள் சங்கம் பந்தயம் நடத்தியது. ஓட்டியவர்கள் 9 பேர். அதுவே வளர்ந்து, ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கும் பெரிய பேரணி ஆகிவிட்டது. 75-ஆவது பேரணி நடந்த 2015-இல் சுமார் 7 லட்சம் பேர் வந்தார்களாம். பகலெல்லாம் மலைப்பாதைகளில் வண்டி ஓட்டுவார்கள். ராத்திரி திறந்தவெளி மேடைகளில் கச்சேரி. நம்ம ஊர்த் திருவிழா மாதிரிதான், தேருக்குப் பதிலாக வண்டி!

அந்தப் பொண்ணு செல்போனில் காட்டியது ஜாஸ்மின் கெயின் என்பவரை. அதே தெற்கு டகோட்டாக்காரர். தன் குழுவில் அவரே பாடகி, அவரே பேஸ் வாசிப்பவர். மோட்டார் சைக்கிள் பேரணிகளில் தொடர்ந்து கச்சேரி செய்கிறார், தானும் வண்டி ஓட்டுகிறார். "அவங்க எதிர்ல உக்காந்திருக்கறவங்க எல்லாம் வண்டிக்காரங்க. அவங்களும் வண்டிக்காரி. அதனாலதான் ஒட்டுது மேடம்" என்றாள் நம்ம பொண்ணு.

இது அங்கேயும் சும்மா கிடைத்துவிடவில்லை, சகோதரிகளே. 1916-இல் அட்லைன், அகஸ்டா என்ற வான் பியூரன் சகோதரிகள் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வரை ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் போனார்கள். ஜூலையில் புறப்பட்டு செப்டம்பரில் சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் தபால் கொண்டுபோகும் வேலைக்குப் பெண்களும் லாயக்கு என்று காட்டுவதற்காகப் போனார்கள். வழியில் ஆம்பளை உடுப்பு போட்டதற்காகப் போலீஸ் பிடித்தது! ஊர் வந்து அட்லைன் அந்த வேலைக்கு மனு போட்டார். மறுத்துவிட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை, பிற்பாடு வக்கீல் படிப்பு முடித்தார்.

அப்புறம் 1940-இல் லிண்டா டூஜோ, டாட் ராபின்சன் என்ற இரண்டு பெண்கள் 'மோட்டார் மெய்ட்ஸ்' என்ற பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். வண்டி ஓட்டும் பெண்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று லிண்டா கடிதம் எழுதி எழுதித் தேடினார். சேர்ந்தவர்கள் 51 பேர். சீருடை, விதிமுறை எல்லாம் உண்டு. டாட் ராபின்சன் 25 வருஷம் தலைவியாக இருந்தார். குழு என்றால் என்ன என்று நமக்குத் தெரியாததா? தனியாகப் போனால் பேச்சு வரும், 51 பேராகப் போனால் வழி விடுவார்கள்.

நம்ம தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். கேலி பேசியவர்கள் எத்தனையோ பேர். 1992 மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டி, மணியடித்துப் பேரணி போனார்கள். அதற்குப் பிறகு கேலி எடுபடவில்லை.

சரி, நல்லதை மட்டும் சொன்னால் போதாது. அந்த அக்காவின் பயம் பொய் இல்லை. ஸ்டர்ஜிஸ் பேரணியிலும் குடியும் விபத்தும் சாவும் உண்டு. இங்கேயும் ராத்திரி ரோடு ஆபத்துதான். உடம்புக்கும் கெடுதல் உண்டு. இடது கைதான் கிளட்ச் பிடிக்கும், அதே இடது கைதான் கம்பியையும் அழுத்தும். ரொம்ப தூரம் ஓட்டினால் அதிர்வில் விரல் மரத்துப்போகும். இறங்கியவுடன் மேடை ஏறக் கூடாது. காதுக்கு 85 டெசிபல் சத்தம் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான் என்கிறார்கள் தொழில் சுகாதார வல்லுநர்கள். மேடையில் ஸ்பீக்கர் சத்தம், ரோட்டில் காற்றுச் சத்தம், இரண்டும் சேர்ந்தால் காது போய்விடும். காதடைப்பான் விலை கொஞ்சம்தான், வாங்கிக் கொடுங்கள்.

இப்போ முக்கியமான விஷயம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இட்லி மாவு விற்கும் ஓர் உறுப்பினர் ஸ்கூட்டர் வாங்கக் கடன் கேட்டார். "இது ஆடம்பரச் செலவு" என்று தள்ளி வைத்தோம். நாங்களும் பக்கத்தில் இருந்தோம், ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் இன்றைக்கும் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இப்போ முட்டிவலி வேறு. அந்தத் தப்பு எங்களுடையதும்தான். அதே தப்பை மறுபடியும் செய்ய வேண்டாம்.

கறவை மாட்டுக்குக் கடன் கேட்டால் என்ன கேட்கிறோம்? எத்தனை லிட்டர் பால், தீவனச் செலவு என்ன, இன்சூரன்ஸ் உண்டா என்று கேட்கிறோம். "உனக்கு எதுக்கு மாடு?" என்று கேட்பதில்லையே! வண்டிக்கும் அதே மாதிரி கேளுங்கள்:

1. மாசத்துக்கு எத்தனை கச்சேரி? ஒரு கச்சேரிக்குக் கையில் என்ன நிற்கும்? கச்சேரி இல்லாத மாசம் தவணை எதிலிருந்து வரும்?

2. லைசென்ஸ் இருக்கிறதா? கியர் வண்டிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்ட முடியும். 6 மாசத்துக்குள் முடிக்க வேண்டும்.

3. புது வண்டி என்றால் 5 வருஷத்துக்கான மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் வாங்கும்போதே கட்டியாக வேண்டும். கடன் தொகையில் அதைச் சேர்த்தீர்களா?

4. ஹெல்மெட் எத்தனை? பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம்.

5. வண்டி யார் பேரில்? சம்பாதிக்கிற பொண்ணு பேரில் இருக்கட்டும், அண்ணன் பேரில் வேண்டாம்.

இதற்கெல்லாம் சரியான பதில் வந்தால் கடன் கொடுங்கள். வரவில்லை என்றால் மறுத்துவிடுங்கள், அது நியாயம். "பொம்பளைக்கு எதுக்கு" என்று மட்டும் மறுக்காதீர்கள்.

அந்த அக்காவுக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனாலும் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். வருகிற வெள்ளிக்கிழமை குழுக் கூட்டத்தில் அது வருகிறது. எங்களுக்கு அங்கே ஓட்டு கிடையாது, முடிவு உங்களுடையது. அன்றைக்கே அந்த இட்லி மாவு அக்காவின் பழைய மனுவையும் எடுத்து வையுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.